நகராட்சியின் ஆறு கோடி ரூபாயை எங்கே வைப்பது?

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் நகராட்சி அலுவலகங்களின் கணக்குப் பிரிவுக்கு வங்கி மேலாளர்களின் வருகை கூடிவிடும். ஆண்டு முடிவதற்குள் தங்கள் கிளையின் வைப்பு இலக்கை எட்டியாக வேண்டிய அவர்கள், வட்டி விகிதத் தாளை மேசைமேல் விரித்து, "கால் சதவீதம் கூடவே வாங்கித் தருகிறோம் சார்" என்று கேட்பதில் தவறு எதுவும் இல்லை. அது அவர்கள் தொழில். அந்தத் தாளை மட்டும் பார்த்து முடிவெடுப்பதுதான் தவறு. என் பணிக்காலத்தின் பெரும்பகுதி உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்வதில் கழிந்தது. பொதுப்பணம் கைவிட்டுப் போனதையும், கைவிட்டுப் போகாமலேயே பயனற்று உறங்கிக் கிடந்ததையும் அந்த ஆண்டுகளில் பார்த்திருக்கிறேன். வட்டி கால் சதவீதம் குறைந்துபோனதால் எந்த நகராட்சியும் துன்பப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆகவே இந்த ஒப்பீட்டில் வட்டியைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். வைத்த பணம் கேட்ட நாளில் திரும்பி வருமா, வருவதற்கு யாருடைய கையொப்பம் வேண்டும் என்பவையே முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்.

வெறும் கொள்கையாகப் பேசாமல் இருக்க, ஒரு நடுத்தர நகராட்சியைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். அதன் கையிருப்பு 6 கோடி ரூபாய். அதில் 2.5 கோடி, மத்திய மாநிலத் திட்டங்களுக்காக வந்த மானியம். 1.5 கோடி, சொத்துவரி, கடை வாடகை, குடிநீர்க் கட்டணம் முதலிய சொந்த வருவாயில் சேர்ந்த மிச்சம். 1.2 கோடி, ஒப்பந்ததாரர்களின் முன்வைப்புத் தொகையும் பிணை வைப்பும், குடிநீர் இணைப்புக்காக மக்கள் கட்டிய வைப்புத்தொகையும். மீதி 80 லட்சம், பணியாளர்களின் ஓய்வூதியப் பொறுப்புக்காக ஒதுக்கி வைத்தது. ரொக்கப்புத்தகத்தில் இவை நான்கும் ஒரே கூட்டுத்தொகையாகத் தெரியும். ஆனால் இவை நான்கும் நான்கு வேறு மனிதர்களின் பணம் என்று எண்ணிக்கொண்டால்தான் எதை எங்கே வைப்பது என்பது விளங்கும்.

அரசுத் துறைகளுக்கு இந்தக் கேள்வியே எழுவதில்லை. அரசியலமைப்புச் சட்டத்தின் 266ஆவது பிரிவின்படி அரசின் வருவாய் முழுவதும் தொகுப்பு நிதிக்கும், அரசு பிறருக்காகப் பொறுப்பேற்று வைத்திருக்கும் பணம் பொதுக் கணக்குக்கும் போய்ச் சேர வேண்டும். 1934ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம் மத்திய அரசின் வங்கியாளராக ரிசர்வ் வங்கியையே அமர்த்துகிறது. மாநில அரசுகள் உடன்படிக்கை மூலம் அதே ஏற்பாட்டுக்குள் வருகின்றன. நாம் கிளைகளில் காணும் ஸ்டேட் வங்கியும் பிற வங்கிகளும் அந்தப் பணிக்கு ரிசர்வ் வங்கியின் முகவர்கள் மட்டுமே. தெரிவு என்பது இந்த வட்டத்துக்கு வெளியே, தனிச் சட்டத்தால் பிறந்த உள்ளாட்சிகள், வாரியங்கள், கழகங்கள், பல்கலைக்கழகங்கள், கோயில் நிர்வாகங்கள் ஆகியவற்றிடம்தான் வருகிறது. தவறு நேர்வதும் பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் அந்த 2.5 கோடி மானியம். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, மானியப் பணத்தில் ஈட்டிய வட்டியை அரசுக்கே திருப்பிச் செலுத்த வேண்டும் என்கின்றன. மத்திய நிதியுதவித் திட்டங்களுக்கு 2021 ஜூலை முதல் கொண்டுவரப்பட்ட எஸ்.என்.ஏ. (ஒற்றை முதன்மை முகமை) முறையில் ஒரு திட்டத்துக்கு மாநிலத்தில் ஒரே முதன்மைக் கணக்குதான்; கீழுள்ள அலுவலகங்கள் அதிலிருந்து தமக்குரிய வரம்புக்குள் செலவிடுகின்றன, சேரும் வட்டி மத்திய, மாநிலத் தொகுப்பு நிதிகளுக்கு அவரவர் பங்கின்படி போகிறது. இதன் பொருள் எளிது. மானியத்தை எந்த வங்கியில் போட்டால் வட்டி கூடும் என்று ஒப்பிடுவதில் நகராட்சிக்கு ஒரு ரூபாய்கூட ஆதாயம் இல்லை. இது தெரிந்திருந்தும், செலவிட வேண்டிய திட்டப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றி ஓராண்டு வைப்பாகப் போட்டு, "வட்டி ஈட்டினோம்" என்று பெருமையாகக் கோப்பில் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஓராண்டில் கட்டப்படாமல் நின்ற வடிகாலைப் பற்றி அதே கோப்பில் ஒரு வரியும் இருக்காது. மானியத்துக்குக் குறித்து தரப்பட்ட கணக்கிலேயே வைத்து, விரைந்து செலவிடுவதொன்றே வழி. ஆகவே ஒப்பிட வேண்டியது எஞ்சிய 3.5 கோடியை மட்டும்தான்.

முதல் தெரிவு கருவூலத் தனிவைப்புக் கணக்கு, அதாவது அரசுக் கருவூலத்திலேயே நகராட்சியின் பெயரில் வைக்கும் கணக்கு; அலுவலகப் பேச்சில் பி.டி. கணக்கு. வங்கி நொடித்துப் போகும் அச்சம் இங்கே இல்லை. பின்னால் நிற்பது மாநில அரசு. செலவுப் பட்டியல் கருவூலத்தின் சரிபார்ப்பைக் கடந்தே பணமாகிறது என்பதால், ஒரே ஆள் இரவோடு இரவாகக் காசோலை எழுதிவிட முடியாது. இந்தக் கணக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு வட்டி கிடையாது என்பது தெரிந்த குறை. அதைவிடப் பெரிய குறை, மாநில அரசுக்கு நிதி நெருக்கடி வரும்போது உங்கள் பணம் கணக்கில் இருந்தும் கைக்கு வராமல் நிற்கலாம் என்பது. ஆந்திரப் பிரதேசத்தில் 2021ஆம் ஆண்டு ஊராட்சிகளுக்கு வந்த நிதிக்குழு மானியம் மின்கட்டண நிலுவைக்காக ஈடுசெய்யப்பட்டதாகச் சொல்லி ஊராட்சித் தலைவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். மின்கட்டணம் கட்ட வேண்டியதுதான் என்று வாதிடலாம். ஆனால் எதை எப்போது கட்டுவது என்ற முடிவு தங்கள் கையைவிட்டுப் போனதே அவர்களின் குறை, அது நியாயமான குறை. கருவூலம் மோசடிக்கு அப்பாற்பட்டது என்றும் எண்ணிவிட வேண்டாம். 2020இல் திருவனந்தபுரம் வஞ்சியூர் சார்கருவூலத்தில், ஓய்வுபெற்றுப் போன அதிகாரியின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் நீக்கப்படாமல் இருந்ததைப் பயன்படுத்தி, மாவட்ட ஆட்சியரின் கணக்கிலிருந்து 2 கோடி ரூபாயை அங்கே பணியாற்றிய ஒருவரே மாற்றிக்கொண்டதாக வழக்குப் பதிவானது. ஒரு கடவுச்சொல்லை முடக்க மறந்ததுதான் அங்கே திறந்து கிடந்த கதவு.

இரண்டாவது தெரிவு பொதுத்துறை வங்கி. நம் விதிகளிலும் அரசாணைகளிலும் "நாட்டுடைமையாக்கப்பட்ட வங்கியில் மட்டும்" என்ற சொற்றொடர் திரும்பத் திரும்ப வருவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1955 ஜூலை 1 அன்று இம்பீரியல் வங்கி ஸ்டேட் வங்கியானபோதே அரசின் பணத்தைக் கையாளும் பொறுப்பும் அதனுடன் வந்தது. 1969இல் 14 வங்கிகளும் 1980இல் மேலும் 6 வங்கிகளும் அரசுடைமையாயின. அதன்பின் பொதுத்துறை வங்கி ஒன்றில் வைத்த வைப்பு, வங்கி நொடித்ததால் திரும்பாமல் போனது என்ற நிலை வந்ததில்லை. நலிந்த வங்கிக்கு அரசு முதலீடு செய்தது, அல்லது வேறொரு வங்கியோடு இணைத்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே என் முதல் வாக்கு பொதுத்துறை வங்கிக்குத்தான். இருந்தாலும் இந்தச் சொற்றொடர் பல அலுவலர்களுக்கு ஒரு தவறான நிம்மதியைத் தந்துவிட்டது. வங்கி அரசுடையது, ஆகவே பணம் பத்திரம் என்று அவர்கள் கோப்பை மூடிவிடுகிறார்கள்.

சென்னைத் துறைமுகத்தில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 2020ஆம் ஆண்டு துறைமுகப் பொறுப்புக் கழகம் இந்தியன் வங்கியின் கோயம்பேடு கிளையில் 100 கோடி ரூபாயை நிரந்தர வைப்பாக வைத்தது. வங்கி பொதுத்துறை வங்கி. விதிப்படி எல்லாம் சரி. துறைமுகத்தின் நிதிப் பிரிவுத் துணை இயக்குநர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவர் போலி ஆவணங்களுடன் அதே கிளைக்கு வந்து, துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய ஒரு நடப்புக் கணக்கைத் தொடங்கினார். பின்னர் வைப்புகள் முதிர்வுக்கு முன்பே முறிக்கப்பட்டு, பணம் அந்தப் புதிய கணக்குக்கு வந்து, அங்கிருந்து பல கணக்குகளுக்குச் சிதறியது. கண்டுபிடிக்கப்படுவதற்குள் 45 கோடிக்கு மேல் போய்விட்டது. மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிவு செய்தது.

இதில் வட்டி விகிதத்துக்கோ வங்கியின் உடைமைக்கோ எந்தத் தொடர்பும் இல்லை. இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டிருந்தால் போதும். வைப்புக்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ, முதிர்வோ முறிவோ எதுவானாலும் அந்தக் கணக்குக்கு மட்டுமே திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை எழுத்தில் பெறப்பட்டதா? கிளைக்கு வந்து நிற்கும் மனிதர் உண்மையில் நம் அலுவலர்தானா என்று, அவர் கொடுத்த தொலைபேசி எண்ணில் இல்லாமல், நம் அலுவலகத்தின் நிலைத் தொலைபேசிக்கு அழைத்துக் கேட்க வேண்டும் என்று வங்கிக்குச் சொல்லப்பட்டதா?

கர்நாடகத்தின் கதையும் இதே வகைதான். அங்கே தொழிற்பகுதி மேம்பாட்டு வாரியம் பஞ்சாப் நேஷனல் வங்கியில் வைத்த வைப்பில் 12 கோடியும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அன்றைய மைசூர் ஸ்டேட் வங்கியில் வைத்த 10 கோடியும் மோசடியில் சிக்கி, ஆண்டுக்கணக்கில் திரும்பவில்லை. பொறுமையிழந்த மாநில அரசு 2024 ஆகஸ்டில், அரசுத் துறைகளும் நிறுவனங்களும் ஸ்டேட் வங்கியிலும் பஞ்சாப் நேஷனல் வங்கியிலும் உள்ள கணக்குகளை மூடிவிட வேண்டும் என்று ஆணையிட்டது. சில நாட்களிலேயே அந்த ஆணை நிறுத்தி வைக்கப்பட்டது; பின்னர் வங்கிகள் பணத்தைச் செலுத்தியதும் திரும்பப் பெறப்பட்டது. ஒரு மாநில அரசின் முழு வணிகமும் கைநழுவும் என்ற அச்சம் வந்த பிறகுதான் பத்தாண்டு கடந்த வைப்பு திரும்பியது. அந்த வலிமை ஒரு நகராட்சிக்கு ஏது? அதே ஆண்டு அதே மாநிலத்தில், வால்மீகி பழங்குடியினர் மேம்பாட்டுக் கழகத்தின் வங்கிக் கணக்கிலிருந்து சுமார் 89 கோடி ரூபாய் தனியார் கணக்குகளுக்குத் திருப்பிவிடப்பட்டது வெளிவந்து, துறை அமைச்சர் பதவி விலக நேர்ந்தது. அந்தக் கணக்கு இருந்ததும் பொதுத்துறை வங்கி ஒன்றில்தான்.

மூன்றாவது தெரிவு தனியார் வங்கி. 2021 பிப்ரவரியில் மத்திய நிதி அமைச்சகம், அரசு வணிகத்தில் தனியார் வங்கிகளுக்கு இருந்த தடையை நீக்கியது. அதே ஆண்டு மே மாதம் ரிசர்வ் வங்கி அதற்கான நடைமுறையை வெளியிட்டது. ஆகவே தனியார் வங்கி என்றாலே விலக்கு என்ற பழைய நிலை சட்டப்படி இன்று இல்லை. ஆனாலும் உங்கள் மாநிலத்தின், உங்கள் துறையின் ஆணை என்ன சொல்கிறது என்பதே உங்களைக் கட்டுப்படுத்தும். சேவையில் இவ்வங்கிகள் முன்னே நிற்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இணையவழி வரி வசூலுக்கும், நம் கணக்கை வங்கிப் பதிவோடு அன்றாடம் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதற்கும் அவை தரும் வசதி நகராட்சிக்கு உண்மையிலேயே பயன்படுவது.

ஆபத்து எங்கே இருக்கிறது என்பதற்கு 2020ஆம் ஆண்டு இரண்டு பாடங்களைத் தந்தது. மார்ச் 5 அன்று யெஸ் வங்கிமீது தடைக்காலம் விதிக்கப்பட்டு, ஒரு வைப்பாளர் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாத நிலை வந்தது. மராட்டியத்தின் பிம்ப்ரி சிஞ்ச்வாட் மாநகராட்சியின் பணம் 900 கோடிக்கு மேல் அங்கே இருந்தது; புரி ஜகந்நாதர் கோயிலின் 545 கோடியும் அங்கேதான். மார்ச் 18 மாலை தடை நீங்கியது, வைப்பாளர் எவரும் முதலை இழக்கவில்லை. அதே ஆண்டு நவம்பர் 17 அன்று, 1926இல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்கும் தடைக்காலம் வந்தது. வரம்பு 25,000 ரூபாய். பத்தே நாளில் அது டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது, அங்கும் வைப்புகள் முழுமையாகக் காக்கப்பட்டன. பங்குதாரர்களின் முதலீடே அழிந்தது.

இரண்டிலும் பணம் தப்பியது என்று சொல்லி நிறுத்திவிடலாம். நான் அப்படி நிறுத்த மாட்டேன். சம்பளப் பட்டியல் தயாராக இருக்கும் மாத முதல் வாரத்தில், இரண்டு வாரத்துக்குக் கணக்கு முடங்கினால் துப்புரவுப் பணியாளர்களுக்கு யார் பதில் சொல்வது? குடிநீர் மோட்டார் பழுதானால் எந்தக் கணக்கிலிருந்து பணம் எடுப்பது? பணம் என்றோ ஒருநாள் திரும்பும் என்பதும் இன்று கையில் இருக்கிறது என்பதும் ஒன்றாகா. யெஸ் வங்கிக்குப் பிறகு சில மாநிலங்கள் தனியார் வங்கிகளிலிருந்து அரசுப் பணத்தை எல்லாம் எடுக்க முனைந்தபோது, 2020 மார்ச் 12 அன்று ரிசர்வ் வங்கி தலைமைச் செயலாளர்களுக்குக் கடிதம் எழுதி, அந்த அச்சம் தவறானது என்றும் அப்படி எடுப்பதே வங்கி அமைப்பின் நிலைத்தன்மையைக் குலைக்கும் என்றும் எச்சரித்தது. ரிசர்வ் வங்கியின் கவலை நியாயமானது. அது நாடு முழுவதன் வங்கி அமைப்பையும் பார்க்கிறது. நகராட்சி ஆணையரின் கடமை தன் ஊரின் பணத்தைப் பார்ப்பது. இரண்டும் முரண்படாமல் இருக்க ஒரு வழி உண்டு: தனியார் வங்கிகள் அனைத்தையும் ஒரே தட்டில் வைக்காதிருப்பது. ஸ்டேட் வங்கியோடு எச்.டி.எஃப்.சி., ஐ.சி.ஐ.சி.ஐ. ஆகிய இரண்டையும் நாட்டின் நிதி அமைப்புக்கு இன்றியமையாதவை என்று ரிசர்வ் வங்கியே வகைப்படுத்திக் கூடுதல் மூலதனம் வைக்கச் சொல்கிறது. அவற்றையும் நேற்று உரிமம் பெற்ற சிறு வங்கியையும் ஒன்றாக எண்ணுவது ஒப்பீடே ஆகாது.

வைப்புக் காப்பீடு காக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். 2020 பிப்ரவரி 4 முதல் காப்பீட்டு வரம்பு ஒரு லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது உண்மைதான். ஆனால் மத்திய, மாநில அரசுகளின் வைப்புகள் அந்தக் காப்பீட்டுக்குள் வருவதே இல்லை. தனிச் சட்ட அமைப்பான உள்ளாட்சிக்குக் கிடைத்தாலும், ஒரே வங்கியின் எல்லாக் கிளைகளையும் சேர்த்து 5 லட்சம்தான், 3.5 கோடிக்கு முன் அது எம்மாத்திரம்? இந்த இடத்தில் நம் நாட்டு விதிகளின் இடைவெளி ஒன்றைச் சுட்ட வேண்டும். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பொது வைப்பைப் பெறும் வங்கி அதற்கு ஈடாகக் கடன்பத்திரங்களை ஒதுக்கி வைக்க வேண்டும் என்கின்றன. கலிபோர்னியாவில் அப்படி வைக்கும் கடன்பத்திரங்களின் மதிப்பு வைப்பில் 110 சதவீதமாக இருக்க வேண்டும். வங்கி விழுந்தாலும் பொதுப்பணத்துக்குத் தனியாக ஒரு பிடிமானம் இருக்கிறது. நாமோ வங்கியின் உடைமையாளர் யார் என்பதையே ஈடாக எண்ணிக்கொள்கிறோம்.

நான்காவது தெரிவு கூட்டுறவு வங்கி. இதை எழுதும்போது எனக்குத் தயக்கம் உண்டு, ஏனெனில் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியில் இடும் பணம் அதே மாவட்டத்தின் விவசாயிக்குப் பயிர்க்கடனாகப் போகிறது. ஊரின் பணம் ஊரில் சுற்ற வேண்டும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். 2020ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் கூட்டுறவு வங்கிகள்மீது ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பை வலுப்படுத்தியும் இருக்கிறது. ஆனால் மும்பையின் பஞ்சாப் மற்றும் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில் நடந்ததைப் படித்தவர்கள் பெரிய தொகையோடு அந்தப் பக்கம் போக அஞ்சுவார்கள். 2019 செப்டம்பர் 23 அன்று ஆயிரம் ரூபாய் வரம்போடு தொடங்கிய கட்டுப்பாடு, 2022 ஜனவரி 25 அன்று யூனிட்டி சிறுநிதி வங்கியோடு இணைக்கப்படும்வரை நீண்டது. இணைப்புத் திட்டத்தில் தனிநபர்களுக்குப் பல ஆண்டுகளில் தவணையாகப் பணம் தருவதாக உறுதி இருந்தது. நிறுவன வைப்பாளர்களுக்கு வந்தது வேறு: காப்பீட்டுக்கு அப்பாற்பட்ட வைப்பில் 80 சதவீதம், ஆண்டுக்கு ஒரு சதவீத ஈவு தரும், முதிர்வு நாளே இல்லாத முன்னுரிமைப் பங்குகளாக மாறியது, எஞ்சிய 20 சதவீதம் பங்கு வாங்கும் உரிமைப் பத்திரங்களானது. பொது அமைப்பு ஒன்று வைப்பாளராகப் போய்ப் பங்குதாரராகத் திரும்புவதை எந்த மன்றத் தீர்மானமும் அனுமதித்திருக்காது. நகராட்சியும் நிறுவன வைப்பாளர்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பக்கத்தில் வேறு கிளை இல்லாத சிற்றூர் ஊராட்சி தன் அன்றாடச் செலவுக்கான சிறுதொகையை அங்கே வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

மாநில அரசுக்குச் சொந்தமான நிதி நிறுவனங்களும் வைப்புகளைக் கேட்டு வருவதுண்டு. வட்டியும் சற்றுக் கூடுதலாக இருக்கும். அவை வங்கிகள் அல்ல, வைப்புக் காப்பீடும் அவற்றுக்குக் கிடையாது. அரசின் எழுத்துபூர்வ அனுமதியும் உத்தரவாதமும் கோப்பில் இல்லாமல் அங்கே போக வேண்டியதில்லை.

இனி வட்டி. 1.5 கோடிக்கு கால் சதவீதம் என்றால் ஆண்டுக்கு 37,500 ரூபாய். வேண்டாம் என்று ஒதுக்கும் தொகை அல்ல. ஆனால் ஒரு நகராட்சியின் பீரோவில் நான் கண்ட ஒரு நீல நிறக் கோப்பைச் சொல்ல வேண்டும். அதில் 80 லட்சம் ரூபாய்க்கான வைப்பு ரசீது நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. ரசீதின்படி அது முதிர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தானாகப் புதுப்பிக்கும் அறிவுறுத்தல் தரப்படவில்லை. முதிர்வுப் பதிவேட்டில் அந்த வரிக்கு நேரே எந்தக் குறிப்பும் இல்லை. கணக்காளரிடம் கேட்டபோது, "முந்தைய கணக்காளர் மாறுதலில் போகும்போது சொல்லவில்லை சார்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ரிசர்வ் வங்கியின் 2021 ஜூலை விதிப்படி, முதிர்ந்தும் கேட்கப்படாமல் கிடக்கும் வைப்புக்குச் சேமிப்புக் கணக்கின் வட்டி அல்லது ஒப்பந்த வட்டி, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். ஒப்பந்த வட்டி ஆறரை சதவீதம், சேமிப்பு வட்டி இரண்டரை சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால், எட்டு மாதத்தில் 80 லட்சத்துக்கு இழப்பு 2,13,000 ரூபாய்க்கு மேல். கால் சதவீதத்துக்காக மூன்று வங்கிகளோடு பேரம் பேசிய அதே அலுவலகத்தில்தான் இது நடந்தது.

வட்டியைப் பற்றிப் பேசும்போது இன்னும் சில விதிகளைத் தெரிந்துகொள்வது நல்லது. மாநகராட்சிகள், நகராட்சிகள், ஊராட்சி ஒன்றியங்கள், வீட்டுவசதி வாரியங்கள் போன்றவற்றின் பெயரில் வங்கிகள் சேமிப்புக் கணக்கு தொடங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் பொது விதி. அரசுத் திட்ட மானியங்களுக்கு, உரிய துறையின் அங்கீகாரக் கடிதத்தோடு மட்டுமே விலக்கு. ஆகவே சொந்த வருவாய் நடப்புக் கணக்கில் வட்டியின்றிக் கிடக்கும். குறிப்பிட்ட இருப்புக்கு மேல் உள்ளதைத் தானாகவே வைப்பாக மாற்றும் ஏற்பாட்டை வங்கியிடம் கேட்டுப் பெற வேண்டும். 2024 ஜூன் முதல் 3 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள ஒற்றை வைப்பு மொத்த வைப்பாகக் கருதப்பட்டு, அதற்கு வங்கி தனி விகிதம் வைக்கலாம். அது சாதாரண விகிதத்தைவிடக் கூடவும் இருக்கும், சில வாரங்களில் குறையவும் செய்யும். பெரிய தொகையை ஒன்றாகப் போட்டால்தான் ஆதாயம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. கூடுதல் வட்டி சொல்லும் வைப்பு, இடையில் முறிக்க முடியாத வகையா என்பதையும் கேட்க வேண்டும். ஒரு கோடி வரையிலான தனிநபர் வைப்புக்கு முன்கூட்டி எடுக்கும் வசதி கட்டாயம். நிறுவனங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இவற்றையெல்லாம் வைத்து அந்த 3.5 கோடியை நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன். சொந்த வருவாயில் இரண்டு மாதச் சம்பளத்துக்கும் அவசரச் செலவுக்குமான தொகை, தானாக மாறும் ஏற்பாட்டோடு ஒரு பொதுத்துறை வங்கியின் நடப்புக் கணக்கில் இருக்க வேண்டும். மீதி, வேறொரு பொதுத்துறை வங்கியில் மூன்று, ஆறு, பன்னிரண்டு மாத வைப்புகளாகப் பிரிந்து, ஒவ்வொரு காலாண்டிலும் ஏதேனும் ஒன்று முதிரும்படி இருக்க வேண்டும். ஒப்பந்ததாரர்களின் பிணை வைப்பு நம் பணம் அன்று. வேலை முடிந்து, அதில் குறை தெரிந்தால் அவர்களே சரிசெய்து தர வேண்டிய காலமும் கழிந்த நாளில் தராவிட்டால் அவர்கள் வாசலில் நிற்பார்கள், நிற்க அவர்களுக்கு உரிமையும் உண்டு. திருப்பித் தர வேண்டிய தேதிகளைப் பட்டியலிட்டு, அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன் முதிரும்படி வைப்புகளை அமைப்பேன். முறிக்க முடியாத வைப்பில் இதில் ஒரு ரூபாயும் போகாது. ஓய்வூதிய ஒதுக்கீடான 80 லட்சத்துக்கு அவசரம் இல்லை, ஆகவே நீண்ட காலத்துக்கு வைக்கலாம். வட்டியை ஒப்பிடுவதற்கு உண்மையான இடம் இது ஒன்றுதான், அதுவும் பொதுத்துறை வங்கிகளுக்கும் துறையின் ஆணை இடம் கொடுத்தால் அந்த இரண்டு பெரிய தனியார் வங்கிகளுக்கும் இடையே மட்டும். இணையவழி வரி வசூலைத் தனியார் வங்கி நடத்தட்டும். ஆனால் அன்றன்று சேர்ந்தது அன்றன்றே முதன்மைக் கணக்குக்கு வந்துவிட வேண்டும். கருவூலக் கணக்கில், விதி கட்டாயப்படுத்தும் அளவுக்கு மேல் வைக்க மாட்டேன்.

எந்த வங்கியானாலும் விகிதங்களை மூடிய உறையிலோ வங்கியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலிலோ பெற்று, ஒரே நாளில் திறந்து, குழுவாகக் கையொப்பமிட்டுப் பதிவு செய்ய வேண்டும். வைப்புக்கான கடிதத்தையும் பணத்தையும் இடைத்தரகர் எவரிடமும் கொடுக்காமல் நேரடியாக அனுப்ப வேண்டும். வரும் ரசீதை அந்தக் கிளையிடம் கேட்டு உறுதிசெய்வதோடு நிற்காமல், அதே வங்கியின் மண்டல அலுவலகத்துக்கும் எழுதிக் கேட்க வேண்டும். போலி ரசீதுகள் பெரும்பாலும் கிளையின் சுவருக்குள்ளேயே பிறக்கின்றன. கையொப்பமிடும் அலுவலர் மாறுதலாகும் நாளிலேயே அவர் கையொப்ப மாதிரியை நீக்கும் கடிதமும் போக வேண்டும். மார்ச் 31ஆம் நாள் இருப்பை உறுதிசெய்யும் கடிதத்தை, நம் கணக்காளர் போய் வாங்கி வருவதற்குப் பதிலாக, வங்கியே நேராகத் தணிக்கையாளருக்கு அனுப்பச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் இந்தக் கடைசிக் கடிதத்தைக் கேட்ட அலுவலகங்கள் மிகக் குறைவு. கேட்டு, வர வேண்டிய நாளில் வராமல்போன ஒரு முறை, அடுத்த நாள் காலை ஆணையரே வங்கிக்குப் போய் அமர்ந்தார். மாலைக்குள் ஐந்து வைப்பு ரசீதுகளும் வங்கியின் கணினிப் பதிவோடு ஒன்றொன்றாக ஒப்பிடப்பட்டன. ஐந்தும் சரியாக இருந்தன, அவர் அன்றே அலுவலகம் திரும்பி முதிர்வுப் பதிவேட்டில் ஐந்து வரிகளுக்கும் நேரே தேதியிட்டுச் சுருக்கொப்பம் இட்டார்.